ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் பெயர்: நீலகிரியிலிருந்து பார்த்தால்

கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே ஃபிலிம், ஃபிலிமோடு ஒரு தாள். தாளின் அடியில் ஒரு டாக்டரின் பெயர், பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.என்.பி., எஃப்.ஆர்.சி.ஆர். என்று சில எழுத்துகள். அந்த டாக்டரை இவர் பார்த்ததில்லை, அவரும் இவரைப் பார்த்ததில்லை. பல நேரம் அவர் மலையிலேயே இருப்பதில்லை, படம் இன்டர்நெட்டில் கீழே இறங்கிப் போய் ரிப்போர்ட் மேலே ஏறி வந்திருக்கும். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாகிவிட்டது, காசநோய் முகாம்களில் கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது, கம்ப்யூட்டரே படத்தைப் படிக்கிறது என்றும் சொல்கிறார்கள். அதனால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: படத்தைப் படித்தவர் யார்? "டயக்னாஸ்டிக் இமேஜிங்கில் ஆராய்ச்சி அனுபவம்", அதாவது படம் எடுத்து நோயைக் கண்டறிவதில் ஆராய்ச்சி, என்று அவரைப் பற்றிப் போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

பட்டம், அவர் எந்த வாசல் வழியாக இந்தத் துறைக்குள் வந்தார் என்பதைச் சொல்லும். ஆராய்ச்சிதான் அவர் கண் எந்த மக்களின் படங்களில் பழகியது, அந்தக் கண் சொன்னது சரியாக இருந்ததா என்று சோதித்துப் பார்த்தார்களா என்பதைச் சொல்லும். மலையில் இருக்கிற நமக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு அடியிலிருந்து வரவேண்டும்.

படம் எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு

"ஸ்கேன் டாக்டர்" என்று நாம் சொல்வதில் நான்கு வகை ஆட்கள் கலந்திருக்கிறார்கள்.

1. டெக்னீஷியன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்பவர். டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ படித்தவர். நோய் என்ன என்று சொல்லும் பொறுப்பு அவருடையது இல்லை. ஆனால் படம் கோணலாக விழுந்தால் எப்பேர்ப்பட்ட டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் இவரைக் குறைத்து மதிக்க வேண்டாம்.

2. ரேடியாலஜிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படங்களைப் படிப்பதற்கென்றே படித்தவர். ரிப்போர்ட்டில் கையெழுத்து இவருடையது. இந்தக் கட்டுரை இவரைப் பற்றியது.

3. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பவர். இவர் ரேடியாலஜிஸ்டாக இருக்கலாம், மகப்பேறு மருத்துவராக இருக்கலாம், 2014இல் வந்த விதிப்படி ஆறு மாதப் பயிற்சி முடித்த எம்.பி.பி.எஸ். டாக்டராகவும் இருக்கலாம். மூன்றுமே சட்டப்படி சரிதான். கர்ப்பிணியிடம் மட்டும் ஏன் அத்தனை விவரம் கேட்டு ஒரு ஃபாரம் நிரப்புகிறார்கள் என்றால், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டம்தான் காரணம்.

4. ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருபவர். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பம் வருகிறது, அவ்வளவுதான்.

மெஷின்களைப் பற்றிச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயும் சி.டி.யும் கதிர்வீச்சில் இயங்குபவை; எக்ஸ்ரேயை 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தார், சி.டி.யில் முதல் நோயாளியின் மூளையைப் பார்த்தது 1971இல். அல்ட்ராசவுண்ட் ஒலி அலையிலும் எம்.ஆர்.ஐ. காந்தத்திலும் ரேடியோ அலையிலும் இயங்குபவை, இரண்டிலும் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. "மூணு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, ரேடியேஷன் ஏறிடுச்சோ" என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

எழுத்துகளுக்கு என்ன பொருள்

1. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். எல்லா டாக்டருக்கும் இது பொது.

2. எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ். நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போய் மூன்று வருடம். இதில் ஒரு தீசிஸ் கட்டாயம். பெரும்பாலான ரேடியாலஜிஸ்டுகளுக்கு அதுதான் முதல் ஆராய்ச்சி, பலருக்கு அதுவே கடைசியும். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வேர் ஆழமானது. சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பார்னார்டு இன்ஸ்டிடியூட் 1930களிலிருந்து இருக்கிறது.

3. டி.என்.பி. இதுவும் மூன்று வருடம்தான். தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்தாமல் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும். எம்.டி.க்குச் சமம்.

4. டி.எம்.ஆர்.டி. இரண்டு வருட டிப்ளமோ. பல கல்லூரிகளில் இந்த இடங்கள் எம்.டி. இடங்களாக மாறிவிட்டன, அதனால் இந்த எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் மூத்த டாக்டர் என்று ஊகிக்கலாம். இருபத்தைந்து வருடமாகத் தினமும் படம் படித்துக்கொண்டிருக்கும் டிப்ளமோக்காரரை, போன வருடம் வெளியே வந்த எம்.டி.யைவிடக் குறைவு என்று நினைப்பவர் இந்தத் துறையைப் பார்த்ததில்லை.

5. எஃப்.ஆர்.சி.ஆர். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் நடத்தும் கடினமான தேர்வு.

6. டி.எம்., ஃபெலோஷிப். டி.எம். என்றால் நரம்பு, ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை போன்ற ஒரு பகுதியில் மேலும் மூன்று வருடம். ஃபெலோஷிப் என்பது ஆறு மாதமாகவும் இருக்கும், இரண்டு வருடமாகவும் இருக்கும். எங்கே, எத்தனை மாதம், எதில் என்ற மூன்றும் சேர்ந்து எழுதியிருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

சரி, இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. இவற்றில் எதுவுமே "இவர் நிமோனியா என்று சொன்னால் அது நிமோனியாவாக இருக்குமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. அதற்குத்தான் ஆராய்ச்சி.

கண்ணைச் சோதித்தவர்கள்

இந்தக் கதை காசநோயில் ஆரம்பிக்கிறது. 1940களில் அமெரிக்காவில் காசநோயைத் தேடி ஏராளமானவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிம் பெரியதாக இருக்கவேண்டுமா, சின்னதாக இருந்தால் போதுமா, செலவு குறையுமே என்று பார்க்க ஒரே ஆட்களைப் பல வகை ஃபிலிமில் படம் எடுத்து அனுபவமுள்ள ஐந்து பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஃபிலிமுக்கு ஃபிலிம் இருந்த வித்தியாசத்தைவிட ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் பெரியதாக வந்தது. அதைவிடச் சங்கடம், ஒரே ஆளிடம் அதே ஃபிலிமை மறுபடி கொடுத்தால் அவரே வேறு மாதிரி சொன்னார்.

அந்தச் சிக்கலை அவிழ்க்கப் போன ஜேக்கப் யெருஷால்மி என்ற புள்ளியியலாளர் 1947இல் இரண்டு சொற்களை இதில் கொண்டுவந்தார். இன்று எந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசினாலும் அந்த இரண்டும் இல்லாமல் பேச்சு ஓடாது.

1. சென்சிட்டிவிட்டி: நோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது. பிடிக்கும் திறன்.

2. ஸ்பெசிஃபிசிட்டி: நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. விடும் திறன்.

எல்லோரையும் "நோயாளி" என்று சொல்லிவிட்டால் பிடிக்கும் திறன் நூறு, விடும் திறன் பூஜ்யம். அதனால் ஒன்றை மட்டும் சொல்லி விளம்பரம் செய்தால் மற்றதை எங்கே என்று கேட்கவேண்டும்.

1949இல் ஹென்றி கார்லண்ட், அவரே ஒரு ரேடியாலஜிஸ்ட், இன்னும் கசப்பான ஒன்றை எழுதினார். கோளாறு உள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அனுபவமுள்ளவர்களே தவறவிடுகிறார்கள் என்றார். சக டாக்டர்களுக்கு இது இனிப்பாக இருந்திருக்காது. ஆனால் தன் தொழிலின் தவறைத் தானே எண்ணிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் டயக்னாஸ்டிக் இமேஜிங் ஆராய்ச்சி என்று புரிந்துகொள்கிறேன். புது மெஷின் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் பக்கத்திலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. காசநோய்க்குச் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தே ஆகவேண்டுமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதுமா என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் வெளியானது. அதில் எக்ஸ்ரே படங்களைப் படித்தவருக்கு, எந்தப் படம் வீட்டு நோயாளியுடையது, எது சானடோரிய நோயாளியுடையது என்று சொல்லவே இல்லை. தெரிந்தால் கண் ஒருபக்கம் சாயும். தெரியாமல் படித்ததால்தான், வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்ற முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது.

ஒரே படம், இரண்டு ஊர்

இனி வருவதுதான் மலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது.

கோத்தகிரியில் சாயங்காலம் மூடுபனி இறங்குகிற நேரம், தேயிலைக்கு நடுவில் கறுப்பாக ஒன்று அசைந்தால் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். காட்டெருமை. அதே அளவில் அதே கறுப்பு கோயம்புத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அசைந்தால் யாரும் நிற்கமாட்டார்கள், ஏதோ எருமை மாடு என்று நடையைக் கட்டுவார்கள். கண்ணில் விழுந்தது ஒன்றுதான், முடிவு வேறு, இரண்டு முடிவும் சரி. ஊர் எது என்பதும் முடிவில் ஒரு பங்கு வகிக்கிறது.

எண்ணில் போட்டுப் பார்ப்போம், இது கணக்குக்காகச் சொல்லும் உதாரணம். பிடிக்கும் திறன் 90, விடும் திறன் 90 உள்ள ஒரு பரிசோதனை.

1. முதல் ஊரில் 1000 பேரில் 200 பேருக்கு நோய். பரிசோதனை 180 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 800 பேரில் 80 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக 260 பேருக்கு "நோய்" என்று ரிப்போர்ட் வரும், அதில் 180 உண்மை. பத்தில் ஏழு.

2. இரண்டாவது ஊரில் 1000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரைத் தவறாகப் பிடிக்கும். 108 பேருக்கு ரிப்போர்ட், அதில் 9 உண்மை. பன்னிரண்டில் ஒன்று.

மெஷின் அதேதான், டாக்டரும் அவரேதான். முதல் ஊரில் வந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து ஆரம்பிக்கலாம், இரண்டாவது ஊரில் இன்னொரு பரிசோதனை பண்ணாமல் ஆரம்பிக்கக்கூடாது. "90 சதவீதம் துல்லியம்" என்ற ஒரே வரி இதைச் சொல்லாது. ஆகவே ஒரு ரேடியாலஜிஸ்ட் தன் ஆய்வில் 90 எடுத்தார் என்றால் எங்கே எடுத்தார், யாருடைய படங்களில், நோய் உறுதி என்று எதை வைத்து முடிவு செய்தார் என்று பார்க்கவேண்டும். சதை எடுத்துப் பரிசோதித்தார்களா, ஆபரேஷனில் பார்த்தார்களா, வெறுமனே இன்னொரு டாக்டரும் ஆமாம் என்றாரா? கடைசியில் சொன்னது பலவீனமான சாட்சி.

கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது

"சர்வதேச இதழ்களில் நாற்பது கட்டுரைகள்" என்று இருந்தால் மலைக்கவேண்டாம். 1991இல் ஃப்ரைபேக், தார்ன்பரி என்ற இருவர் இமேஜிங் ஆராய்ச்சியை ஆறு படியாகப் பிரித்தார்கள்.

1. படம் தெளிவாக விழுகிறதா.
2. படத்தைப் பார்த்துச் சொல்வது சரியாக இருக்கிறதா.
3. ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு சிகிச்சை தரும் டாக்டரின் எண்ணம் மாறுகிறதா.
4. சிகிச்சை மாறுகிறதா.
5. நோயாளிக்கு நல்லது நடக்கிறதா.
6. சமூகம் போடும் காசுக்கு அது தகுமா.

உலகத்தில் வரும் கட்டுரைகளில் மிகப் பெரும்பகுதி இரண்டாவது படியோடு நின்றுவிடும். "ஒரு அரிய நோயாளி" என்று ஒரே ஆளைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட்கள் அதற்கும் கீழே. அவையும் வேண்டியவைதான், எழுதியவர் கவனமாகப் பார்க்கிறவர் என்றாவது காட்டும். ஐந்தாவது படிக்கு ஏறியவை கொஞ்சம். அப்படி ஏறிய ஒன்று நம் மலைக்கு மிக நெருக்கமானது.

நீலகிரியும் அரிவாள் செல்லும்

அரிவாள் செல் ரத்தசோகை, ஆஸ்பத்திரியில் சிக்கிள் செல் என்பார்கள். ஒரு மரபணுவில் சின்ன மாற்றம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் மாறியதாக வந்தால் நோய். ஒன்று மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்த முடியும். நோய் உள்ளவரின் சிவப்பணு, ஆக்சிஜன் குறையும்போது கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும். அடைத்த இடத்துக்கு அப்பால் எலும்போ மூளையோ ரத்தமில்லாமல் கெடும்.

இந்தியாவில் இது முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அதே வருடம் வேறு ஆய்வாளர்கள் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். இரண்டும் தேயிலை விளையும் இடம் என்பது தற்செயல். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இது இன்றும் இருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதற்கென்று தேசிய அளவில் ஒரு திட்டம் ஆரம்பித்தது.

ரத்தப் பரிசோதனைதான் நோயை உறுதி செய்யும். ஆனால் நோய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டுவது படம். படத்தில் இது வேறு நோய் மாதிரி வேஷம் போடும், அங்கேதான் வம்பு.

1. முதுகெலும்பு. ஒவ்வொரு எலும்பின் மேலும் கீழும் நடுப்பகுதிக்கு ரத்தம் குறைவதால் நடு வளராமல் உள்ளே குழிந்து, ஓரம் மட்டும் வளரும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஆங்கில எச் எழுத்தைப் போலத் தெரியும். பார்த்துப் பழகியவர் ஒரு நொடியில் சொல்வார். பழகாதவர் "எலும்பு நொறுங்கியிருக்கிறது" என்று மட்டும் எழுதுவார்.

2. குழந்தையின் கை விரலும் கால் விரலும். ஒரு வயதுக் குழந்தைக்கு விரல்கள் வீங்கி அழும். முதல் சில நாள் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் தெரிவது எலும்பில் சீழ் பிடித்தது போலவே இருக்கும். உண்மையில் சீழும் பிடிக்கலாம், இந்த நோயாளிகளுக்கு அதற்கும் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. வைத்தும் பிரிப்பது கஷ்டம்.

3. மண்ணீரல். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். பாடப்புத்தகத்தில், அரிவாள் செல் நோயில் மண்ணீரல் சிறுவயதிலேயே சுருங்கி மறைந்துவிடும் என்று இருக்கும், அது ஆப்பிரிக்க வம்சாவளி நோயாளிகளைப் பார்த்து எழுதியது. இந்தியப் பழங்குடிகளிடம் உள்ள வகையில் கரு ஹீமோகுளோபின், அதாவது குழந்தை கருவில் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் வகை, கூடுதலாக இருப்பதால் நோய் கொஞ்சம் மெதுவாகப் போகும், மண்ணீரல் பல வருடம் பெரிதாகவே இருக்கும். அமெரிக்கப் படங்களில் பழகிய கண் இங்குள்ள அல்ட்ராசவுண்டில் பெரிய மண்ணீரலைப் பார்த்து "இது அரிவாள் செல் இல்லை" என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. பட்டத்தில் குறையே இல்லாமல் இந்தத் தவறு நடக்கும்.

4. இடுப்பு. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பந்தலூர்ப் பக்கம் 19 வயசுப் பையன், மூன்று மாதமாக இடது இடுப்பில் வலி, நொண்டுகிறான். எக்ஸ்ரே சீட்டில் "இடுப்பு வலி" என்று இரண்டு சொல். கீழே உட்கார்ந்திருப்பவர் பார்க்கிறார். தொடை எலும்பின் பந்து கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. நம் நாட்டில் இளைஞனுக்கு இடுப்பு கெட்டால் முதலில் மனசுக்கு வருவது மூட்டுக் காசநோய், அதையும் சந்தேகம் என்று எழுதிவிடுகிறார். அதே சீட்டில் "அரிவாள் செல் நோய் உள்ளவர்" என்று ஒரு வரி இருந்தால் அவர் கண் வேறு இடத்துக்குப் போகும்: மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா? காசநோயில் அது குறையும். ரத்த ஓட்டம் நின்று பந்து செத்துப்போனால் இடைவெளி வெகுநாள் அப்படியே இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று எழுதுவார், எக்ஸ்ரேக்கு முன்னாலேயே அதில் தெரியும். ஒரு பக்கம் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை, இன்னொரு பக்கம் நேரத்தோடு எலும்பு டாக்டர். நடுவில் இருந்தது அந்த ஒரு வரி.

200 என்ற எண்

ஐந்தாவது படிக்கு ஏறிய ஆராய்ச்சி என்றேனே, அது இந்த நோயில் பக்கவாதத்தைப் பற்றியது. அரிவாள் செல் உள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பக்கவாதம் வரலாம். வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழி உண்டா?

காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியதாக இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் மூளையின் பெரிய ரத்தக்குழாய்களில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கலாம். குழாய் ஒடுங்கினால் வேகம் கூடும், தோட்டத்தில் தண்ணீர் விடும் ஹோஸைக் கட்டை விரலால் அழுத்தினால் பீய்ச்சுவது போல. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, குழந்தை அம்மா மடியில் இருந்தபடியே பார்க்கலாம்.

ராபர்ட் ஆடம்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் முதலில், வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து என்று கண்டார்கள். அது இரண்டாவது படி. அதோடு நிற்கவில்லை. அந்த அளவைத் தாண்டிய 130 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினார்கள், மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. ரத்தம் ஏற்றிய பிரிவில் ஒரு குழந்தைக்குப் பக்கவாதம், மற்றதில் பத்துக்கும் மேல். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி முடிவை 1998இல் வெளியிட்டார்கள். ஸ்கேன் ஒன்று குழந்தைகளைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றுகிறது என்று இவ்வளவு நேராகக் காட்டிய ஆய்வுகள் குறைவு. ஆடம்ஸ் நரம்பியல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தை ஆராய எல்லோருக்கும் உரிமை உண்டு.

இனி இந்த 200ஐ அப்படியே கூடலூருக்குக் கொண்டுவரலாமா? மூன்று இடத்தில் யோசிக்கவேண்டும்.

1. அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகள். இங்குள்ள வகை மெதுவானது என்று மேலே பார்த்தோம். பக்கவாத ஆபத்தும் அதே அளவா என்பதை இங்குள்ள குழந்தைகளில்தான் பார்க்க முடியும்.

2. ஆடம்ஸ் வைத்திருந்தது படம் காட்டாத, ஒலியை மட்டும் அளக்கும் டாப்ளர். ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இருப்பது படமும் காட்டும் மெஷின். அது அதே குழாயில் சற்றுக் குறைவான எண்ணைக் காட்டும். 200 வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

3. மெஷினைப் பாடிக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புக்கு, கொண்டுபோக முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் அதே சட்டம், அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவான இடத்தைவிட்டு நினைத்தபடி வெளியே எடுத்துப்போக அனுமதிப்பதில்லை. சட்டம் வந்த காரணம் நியாயமானது. ஆனால் விளைவாக, வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டிய குழந்தை மழையிலும் மண்சரிவிலும் பஸ் பிடித்து வரவேண்டியிருக்கிறது.

ஒரு ரேடியாலஜிஸ்ட் ஊட்டியில் உட்கார்ந்து இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து, இருநூறு குழந்தைகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து எழுதினார் என்றால், அந்த ஒரு கட்டுரையை நான் நாற்பது கேஸ் ரிப்போர்ட்டுக்கு மேலே வைப்பேன்.

கொரில்லாவும் கம்ப்யூட்டரும்

2013இல் வெளியான ஒரு ஆய்வு பலருக்கு ஞாபகமிருக்கும். 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துச் சின்னக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்துக்குள் கொரில்லா உருவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று அளந்தபோது, அவர்களில் பெரும்பாலானோரின் கண் நேராக அதன் மேலேயே போயிருந்தது. தேடுவது ஒன்றாக இருந்தால் வேறொன்று கண்ணில் பட்டும் மனசில் படாது. ஆகவே எதைத் தேடவேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவது மரியாதைக்காகச் செய்கிற காரியம் இல்லை, பரிசோதனையில் ஒரு பகுதி.

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மென்பொருள் ஒரு மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேலே "சந்தேகம்" என்று கோடு போடுவது என்பதை அந்தந்த இடத்துக்கு ஏற்பத்தான் முடிவு செய்யவேண்டும். காரணம் மேலே போட்ட 180, 9 கணக்குதான். முகாமில் "கம்ப்யூட்டர் காசநோய்னு சொல்லிடுச்சு" என்றால் அது "சளியைப் பரிசோதியுங்கள்" என்ற அர்த்தத்தில்தான். சளிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் காசநோயா இல்லையா என்ற பேச்சு.

குறிப்பில் எதைப் பார்க்கலாம், சீட்டில் எதைக் கேட்கலாம்

1. டாக்டர் பற்றிய குறிப்பில் பட்டத்துக்கு அடுத்து, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வருடம் என்று பாருங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்தவர் இந்த நாட்டு நோய்களை நிறையப் பார்த்திருப்பார்.

2. ஆராய்ச்சி என்றிருந்தால் தலைப்பைப் படியுங்கள். யாரைப் பற்றியது, எத்தனை பேர், எந்த ஊர். அவ்வளவு போதும், மேலே போகத் தேவையில்லை.

3. ரிப்போர்ட்டில் "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை" என்று இருந்தால் டாக்டர் கை கழுவுகிறார் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். படத்தில் இருப்பதை நோயாளியோடு வைத்துப் பார்க்க வேண்டியவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் என்று பொருள். சில ரிப்போர்ட்டுகளில் பழக்கதோஷமாக எல்லாவற்றுக்கும் அடியில் இதைப் போடுகிறார்கள், அது எனக்கும் எரிச்சல்தான்.

4. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் டாக்டரிடம், எத்தனை நாளாக வலி, முன்னால் காசநோய் வந்ததா, அரிவாள் செல் அட்டை இருக்கிறதா என்பதை எழுதச் சொல்லுங்கள். சாதியோ பழங்குடிப் பெயரோ எழுதத் தேவையில்லை, நோயை எழுதினால் போதும். அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

5. பழைய ஃபிலிமை எறியாதீர்கள். நுரையீரலில் தெரியும் ஒரு தழும்பு மூன்று வருடத்துக்கு முன்னாலும் அதே அளவில் இருந்தது என்று பழைய படம் காட்டிவிட்டால் ஒரு சி.டி. மிச்சம்.

6. ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஒரு விவரம் ஞாபகம் வந்தது என்றாலும் தாமதமாகிவிடவில்லை. ரேடியாலஜிஸ்ட் அதே படத்தை மறுபடி பார்த்து, பழைய ரிப்போர்ட்டோடு அடெண்டம் என்று ஒரு பத்தி சேர்த்துத் தரமுடியும். உங்கள் டாக்டர் போனில் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டால் போதும். இதற்காகக் கூடலூரிலிருந்து யாரும் மலை இறங்கவேண்டியதில்லை, படம் ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது.